உரியாத கை

"நாளைக்கு அவர் பேரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடுவாங்களாம்க்கா!"

வேலூரில் கிரேஸியின் வீட்டுக்குள் வந்ததும் ஜஹீதா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் கணவன் ஜமீலுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் கட்டிங் வேலை பார்த்தவன். புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் இடம் கிடைத்திருந்தது. இப்போது அவன் ரத்தத்தில் அந்த மருந்தின் சுவடே இல்லையாம்.

"என் கையாலதான்க்கா எடுத்துக் குடுக்கறேன். டீயோட வாசல்ல போய் முழுங்குவாரு."

கிரேஸி அத்தகைய ஆராய்ச்சிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். "அந்த மாத்திரைக்கு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் உரியுமே. அவருக்கு?"

"ஒண்ணுமே இல்லக்கா."

பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி டீச்சர் அதற்குள் கைப்பையோடு நின்றாள். "யாரோ மாத்திரையை மாத்திட்டாங்க கிரேஸி! கெளம்பு."

ஆம்பூர் பஸ்ஸில் டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் ஜமீலின் அம்மா அன்வரி பேகம் வாயைத் திறந்ததும் ஆளைப் பிடித்துவிட்டதாகவே நினைத்தாள்.

"என் புள்ள என்னா எலியா? ஆராய்ச்சியாம்!"

"இவங்கதான்," என்று டீச்சர் கிசுகிசுத்தாள்.

"கோவத்தை இப்படிக் கத்திச் சொல்றவங்க திருட்டுத்தனம் பண்ண மாட்டாங்க டீச்சர்."

வாசலில் ஜமீலோடு அவனுடைய தோஸ்த் சின்னசாமி டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தான். கிரேஸியைக் கண்டு எழுந்தவன் நெருப்பை மிதித்தவன்போல் வெறுங்காலை வைத்தான்.

"கை என்னாச்சு சின்னசாமி?"

"தோல் பதனிடற ஷாப்ல சுண்ணாம்புக் குழி வேலைதானே சிஸ்டர். கால்கூட உரிஞ்சி பேஜாரு."

கிரேஸி ஜமீலின் கையைப் புரட்டிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க," என்றாள். "சுண்ணாம்புக் குழியில முழங்கால் வரைக்கும் ரப்பர் கம்பூட்ஸ் போடாம எவனும் எறங்க மாட்டான். அப்புறம் உள்ளங்கால் எப்படி உரியும்? மாத்திரை சாப்பிடறவர் கை வழவழன்னு இருக்கு, சாப்பிடாதவர் கை உரியுது. சின்னசாமி, உனக்கும் அதே வியாதியா?"

ஜமீல்தான் வாய் திறந்தான்.

"என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனதே இவன்தான் சிஸ்டர். டெஸ்ட் எடுத்தா ரெண்டு பேருக்கும் அதேதான். எனக்கு எடம் கெடச்சிது. காமாலை இருக்குன்னு இவனை வேணாம்னுட்டாங்க. மொதல்ல பாதி குடுத்தேன். வலி கம்மின்னான். முழுசா குடுத்துட்டேன்."

சின்னசாமியின் டம்ளர் உருண்டது. "மிச்சம் நெறைய குடுக்கறாங்கன்னு சொன்னியேடா, பாவி!"

"நான் மட்டும் பொழைச்சி யாரோட டீ குடிக்கிறது?"

"ரத்தம் டெஸ்ட் பண்ணாம சாப்பிட்டா அந்த மாத்திரை சின்னசாமியைக் கொன்னுடும்," என்றாள் கிரேஸி. "ரெண்டு பேரும் இனி தொடாதீங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்றேன். ஜமீலை ஆராய்ச்சியில வெச்சிப்பாங்கன்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

ஜஹீதா அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் திட்டித் தீர்த்தார். சின்னசாமியை அப்போதே வார்டில் சேர்த்து, வேறு சிகிச்சை தொடங்கினார். ஜமீலின் விஷயம் ஆராய்ச்சிக் குழுவுக்குப் போனது. பல நாள் இழுத்து பதில் வந்தது: தொடரலாம்; ஆனால் ஒவ்வொரு வேளையும் ஒரு சாட்சியின் முன்னால்தான் விழுங்க வேண்டும்.

"நான் இருக்கேன்," என்றாள் ஜஹீதா.

"நீ ஏமாந்தவ தங்கச்சி, தள்ளு," என்று வார்டிலிருந்து திரும்பியிருந்த சின்னசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜமீலின் எதிரே உட்கார்ந்தான்.

"முழுங்கிட்டியா? வாயத் தொற. நாக்கத் தூக்குடா."