பின்னால் அழும் பிள்ளை

பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவதாக நிவேந்திரன் ஃபேஸ்புக்கில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து, உஷாராணி செலண்டாரிலிருந்து புக்கிட் காத்திலில் இருந்த அவன் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தாள். கையில் ஒரே ஒரு கேசட். கல்யாணம், கோயில் திருவிழா, செத்துப்போனவரின் இருமல் என்று அவனிடம் எல்லாம் வரும். எதையும் சுத்தமாக்கிவிடலாம் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

"எங்கம்மா குஞ்சம்மா பாடுன தாலாட்டு, தம்பி. எஸ்டேட்ல இருந்தப்ப, சிங்கப்பூர்ல வேலை செஞ்ச அப்பாவுக்கு அனுப்பப் பதிவு பண்ணுச்சு. போன வாரம் அம்மா தவறிப்போச்சு. கருமாதிக்குப் போடணும்."

"ஈஸி லா, ஆண்ட்டி."

"பின்னால ஒரு பிள்ளை அழும். அதை மட்டும் எடுத்துடுங்க."

பேசும்போதே அவள் கண் கூடத்துக்குள் போனது. ஸ்பிரிங் தொட்டிலில் ஏழு மாதத் தேவிஸ்ரீ கால் உதைத்துக்கொண்டிருந்தாள். நிவேந்திரனின் மனைவி ஷாந்தினி கொடுத்த மைலோவை வாயில்கூட வைக்காமல் உஷாராணி கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை கேசட்டை ஓடவிட்டான். அறையெல்லாம் பூஞ்சை வாடை. குஞ்சம்மாவின் குரல் நல்ல கனிந்த குரல். அதற்குப் பின்னால் அழுகை. மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக, விடாமல்.

பிள்ளை அப்படி அழுதால் எந்தத் தாயும் பாட்டை நிறுத்திவிட்டு ஒருதரம் "என்னப்பா" என்று கேட்பாள். இவள் கேட்கவே இல்லை. பாடிக்கொண்டே இருந்தாள்.

பாட்டுக்கு நடுவே அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அழுகை மட்டும் தனியாகக் கிடைத்தது. அந்தத் துண்டைக் கணினிக்குக் காட்டி, இதுதான் இரைச்சல் என்று சொல்லிக் கொடுத்தான். இனி அதுபோல எங்கே இருந்தாலும் கணினியே தேடி அழித்துவிடும்.

ஒரு தட்டு. அழுகை போயிற்று.

"ஏங்க," கூடத்திலிருந்து ஷாந்தினி கூப்பிட்டாள். "பாப்பாவைப் பாருங்களேன்."

தேவிஸ்ரீயின் முகம் சிவந்து, வாய் பிளந்து, கன்னமெல்லாம் கண்ணீர் ஓடியது.

சத்தம் இல்லை.

கிளினிக்கில் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஷாந்தினி துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், தொட்டிலில் செவ்வெறும்பு மொய்த்துப் பிள்ளையின் கை வீங்கிக் கிடந்தது. எவ்வளவு நேரம் அழுதாளோ, யாருக்கும் கேட்கவில்லை. ஷாந்தினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நிவேந்திரன் பயந்துகொண்டே கேசட்டை மறுபடி ஓடவிட்டான். தாலாட்டுக்குப் பின்னால் அழுதது அவன் மகள். பெற்றவனுக்குத் தெரியாதா அந்தக் குரல்?

உஷாராணியைப் போனில் கூப்பிட்டான். "தெரிஞ்சேதானே குடுத்தீங்க?"

அவள் கிசுகிசுத்தாள். "செத்த பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடக் கூடாது, தம்பி. ஒப்பாரிதான் வைக்கணும். எங்கம்மா, புதைக்கப் போற பிள்ளைய மடியில போட்டுத் தாலாட்டுப் பாடுச்சு. அவன் இன்னும் தூங்கல. என் மக சும்மா இருக்காம இந்தக் கேசட்ட சுத்தம் பண்ணப் பார்த்தா. அன்னையிலேர்ந்து எங்க பேரன் அழுதா சத்தமே வரல. நீங்க பண்ணப்புறம்தான் வந்துச்சு."

அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டது. "கேளுங்க, எப்படிக் கத்துறான்!" சந்தோஷத்தை மறைக்க அவளால் முடியவில்லை.

"என் பிள்ளைக்கு என்ன வழி?"

"இந்த வேலை தெரிஞ்சவங்க வேற யாராச்சும் இருப்பாங்கல்ல? கைப்பிள்ளை இருக்கிற வீடா பாருங்க."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவளைத் திட்டித் தீர்த்தான். திட்டிய வாயோடு, அன்று மத்தியானமே கேசட்டோடு பத்து பெரண்டாமுக்குக் காரை எடுத்தான்.

அங்கே அவனுடைய பள்ளித் தோழன் புவனேஷ் இருந்தான். அவனும் இதே தொழில்தான். அவன் மகனுக்குப் பெயர் வைத்த விருந்தில் போன மாதம்தான் நிவேந்திரன் வயிறாரச் சாப்பிட்டு வந்திருந்தான். ஷாந்தினியையும் பிள்ளையையும் காரிலேயே உட்காரச் சொன்னான். அவளிடம் எதையும் சொல்லவில்லை.

"என் கம்ப்யூட்டர் படுத்துடுச்சு, மச்சான். அழுகைய மட்டும் எடுத்துட்டுக் குடு."

"உனக்கு இல்லாததா? உட்காரு லா."

அதைக் கேட்டும் அவன் மனசு இளகவில்லை. புவனேஷ் துண்டைக் குறித்தான். தட்டினான்.

வெளியே காரிலிருந்து அழுகை வெடித்தது.

"ஏங்க! பாப்பாவுக்குச் சத்தம் வந்துடுச்சு!"

நிவேந்திரன் ஓடினான். வாசலைத் தாண்டும்போது உள்ளே தொட்டிலைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தான். பார்த்துவிட்டான். பிள்ளையின் வாய் சத்தமில்லாமல் பிளந்திருந்தது.

காரைக் கிளப்பினான். பின்சீட்டில் ஷாந்தினி சிரித்தாள், அழுதாள், பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "கத்துடி தங்கம், நல்லாக் கத்து!"

சிவப்பு விளக்கில் நின்றபோது நிவேந்திரன் திரும்பிப் பார்த்தான்.

தேவிஸ்ரீ தாயின் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன.

இன்னும் தூங்காத ஒருவனின் அழுகை அவளுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.