பதினைந்தடி வட்டம்

உயிர்மானி வந்த ஏழு வருஷத்தில், மேலப்பாதி வயல்களில் டிராக்டரில் சிக்கி ஒருவர்கூடச் சாகவில்லை. சிலேட்டு அளவுக் கருவி அது. டிராக்டரின் பின்னால் மாட்டிச் சேறு கலக்கும் ரோட்டவேட்டரின் மேல்தகட்டில் பதிந்திருக்கும். ஓட்டுகிறவரின் இருக்கையைத் தவிர, பதினைந்து அடிக்குள் எங்கே மனித இதயம் துடித்தாலும் அதற்குக் கேட்டுவிடும். கேட்ட மறுகணம் கத்திகள் நிற்கும். ரோட்டவேட்டரைத் தூக்கி இறக்கும் பம்பும் நின்றுவிடும்.

தையல்நாயகியால்தான் அது வந்தது என்று ஊரில் சொல்வார்கள். கத்திகளைச் சுழற்றும் சாஃப்டை, அது ஓடும்போதே தாண்டக் காலெடுத்து வைத்த அவள் கணவர் இளையபெருமாளை, கைலி நுனியைப் பிடித்து அது உள்ளே இழுத்துக்கொண்டது. விசாரணைக் குழுவின் முன் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கருவியை நிறுத்தி வைக்கும் சாவி யாரிடமும் இருக்கக் கூடாது.

"சாவி இருந்தா திருப்பிடுவாங்க. அவசரம்னுதான் திருப்புவாங்க. எங்க வீட்டுக்காரரும் அவசரம்னுதான் சொன்னாரு."

குழு ஒப்புக்கொண்டது.

சாவு நின்றது. கூடவே பழைய பழக்கங்களும் நின்றன. வரப்பு ஏறும்போது கத்தியை நிறுத்துவதில்லை. வண்டியை நிறுத்தினால் ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி வைப்பதில்லை. அதுதான் பார்த்துக்கொள்கிறதே.

புரட்டாசியில் ஒரு காலை. தையல்நாயகியின் தம்பி சட்டநாதன் தாழ்ந்த வயலில் சேறடித்துக்கொண்டிருந்தான். மடை பார்க்க வந்தவள் வரப்பில் நின்றாள். எவனோ விட்டுப்போன நைலான் வலை கத்திகளில் சுற்றிக்கொண்டது. ரோட்டவேட்டரை உயரத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, அரிவாளோடு இறங்கினான்.

"முட்டு குடுத்துட்டுப் போடா."

"சுத்தாதுக்கா," என்று சொல்லிக்கொண்டே அடியில் மல்லாந்து நுழைந்தான்.

சுற்றவில்லை. விழுந்தது. அதைத் தூக்கிப் பிடிக்கும் சிலிண்டருக்குள் தேய்ந்திருந்த வாஷர் கிழிந்து, எழுநூறு கிலோ அவன் தொடைகளின்மேல் உட்கார்ந்தது.

அவள் சேற்றில் ஓடி, தோளைக் கொடுத்து நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. இருக்கையில் ஏறி இன்ஜினைக் கிளப்பி, ரோட்டவேட்டரைத் தூக்கும் நெம்புகோலை இழுத்தாள்.

"வட்டத்துக்குள் ஆள் இருக்கிறார். விலகச் சொல்லுங்கள்," என்றது கருவி.

செல்லில் கூப்பிட்டதற்கு, ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆளில்லை. வேறு டிராக்டரை வரவழைத்தாலும், அதிலும் இதே கருவிதான்; பதினைந்தடிக்குள் அதன் பம்பும் நின்றுவிடும். தோள் துண்டைக் கிழித்து, அவன் தொடைகளில் எட்டிய இடத்தில் இறுக்கினாள். சேறு சிவந்துகொண்டேயிருந்தது. கருவி செய்கிறவர்களின் உதவி எண்ணுக்குப் பேசினாள். ஒரு பெண் எடுத்தாள்.

"இங்கேருந்து நிறுத்த முடியாதும்மா."

"ஒயரைப் பிடுங்கிட்டா?"

"பிடுங்கினா ஆள் இருக்கிறதாத்தான் எடுத்துக்கும். சாவியே கூடாதுன்னு அப்ப ஒரு அம்மா ரொம்ப உறுதியா நின்னாங்களாம்."

"தெரியும்," என்றாள் தையல்நாயகி. "வேற வழி சொல்லும்மா."

அந்தப் பெண் தயங்கினாள். "துடிப்பு ரொம்ப மெலிஞ்சுட்டா சில சமயம் அதுக்குக் கேக்காது. அப்ப தூக்கும். ஆனா நீங்க கிட்ட நிக்கக் கூடாது. இருக்கையிலேயே இருங்க. தூக்கினப்புறமும் நெம்புகோலை விடாதீங்க. தானா விழுந்திருக்குன்னா வாஷர் போயிருக்கும், பம்பு நின்னா உடனே இறங்கிடும்."

தையல்நாயகி இருக்கையில் ஏறி நெம்புகோலை மேலே இழுத்துப் பிடித்தாள். திரும்பினால் அவன் முகம் தெரிந்தது. ஏழடி தூரம்.

"அக்கா, குளிருது."

"ஆம்புலன்ஸ் வந்துடும்டா."

"கிட்ட வாயேன்."

"வரேன்."

அவள் போகவில்லை. போனால் அவள் இதயம் கருவிக்குக் கேட்கும். அவன் இதயம் எவ்வளவு மெலிய வேண்டுமென்று அந்தப் பெண் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. தம்பியின் துடிப்பு குறையட்டும் என்று தான் காத்துக்கொண்டிருப்பது உறைத்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

அவன் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் வரேன் என்றாள். அப்புறம் கூப்பிடவில்லை. கண் பாதி மூடியிருந்தது.

இன்ஜின் சத்தம் கனத்தது. ரோட்டவேட்டர் சேற்றிலிருந்து மெல்லப் பிரிந்து, அவன்மேலிருந்து எழுந்தது. ஒரு அடி. இரண்டு அடி.

"சட்டநாதா."

மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். இன்ஜின் அதிர்வில் டிராக்டரோடு அவளும் நடுங்கியதில், எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இறங்கித் தொட்டுப் பார்த்தால் தெரியும். இறங்கினால் கருவிக்குக் கேட்கும், பம்பு நிற்கும், அத்தனை கத்தியும் மறுபடி அவன்மேல். கை மரத்துப்போகும் வரை நெம்புகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வரப்பில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் சேற்றில் கால் வைக்கப் போனார்.

"அங்கேயே நில்லுங்க," என்றாள் தையல்நாயகி. "கிட்ட வந்தா இறங்கிடும். நீளமா கயிறு எதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க, தூர நின்னே சுருக்கு வீசி இவனை வெளிய இழுக்கணும்."

"உயிர் இருக்காம்மா?"

"இல்லைன்னு நெனச்சுத்தாங்க இது தூக்கியிருக்கு," என்றாள்.