மைக்குக்கு மட்டும் கேட்டது

வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஹெட்போனை மேசையில் நிமிர்த்தி வைத்து, குனிந்து, அதற்குள் தலையை நுழைக்க வேண்டியிருந்தது மிஹ்லாருக்கு. விடிந்ததிலிருந்து உப்புப் பாத்தியில் பலகை இழுத்த தோள். உம்மா தேய்த்துவிட்ட தைலம் எரிந்ததே தவிர வலி இறங்கவில்லை. உள்ளங்கால் வெடிப்புகளுக்குள் உப்பு ஏறிப் போயிருந்தது. குளித்தும் போகவில்லை. சீமெந்துத் தரையில் காலை வைத்தால் யாரோ ஊசியால் எழுதுவதுபோல இருந்தது.

நேற்று மாலை பதிந்த விமர்சனத்தை ஓடவிட்டான். குரல் சரியாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் அவன் மூச்சு வாங்குகிற இடத்தில், குரலுக்கு அடியில், வேறொன்று கிடந்தது. சர்ர்ர். கொஞ்சம் நின்று இன்னொரு சர்ர்ர். பிறகு தண்ணீரில் மரம் தட்டுகிற சத்தம்.

பலகை. நீளக் கம்பின் நுனியில் குறுக்காக அடித்த மரத்தால், பாத்தியில் விளைந்த உப்பை இழுத்துக் குவிக்கிற சத்தம். இந்தப் பாலாவி ஊரில் பிறந்த எவனுக்கும் அது நித்திரையிலும் தெரியும். ஆனால் உப்பளம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தென்னந்தோட்டத்தையும் தாண்டி இருக்கிறது. வெயில் சாய்ந்த பிறகு அங்கே ஒரு நாய்கூட நிற்பதில்லை.

கொழும்பிலிருந்து பேசிய பெண்ணும் இதைத்தான் சொன்னாள். யப்பான் கார்ட்டூன்களான அனிமேக்குத் தமிழில் விமர்சனம் பேச மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அவன் பேசியது பிடித்திருக்கிறது. ஆனால் பின்னால் ஆரோ வீடு கூட்டுகிறார்கள், அது இல்லாமல் திரும்பப் பதிந்து இன்றிரவுக்குள் அனுப்புங்கள், நாளைக்கு ஆளை முடிவு செய்துவிடுவோம் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வீடு கூட்டுகிறார்களாம். அவன் போனை மெத்தைமேல் எறிந்தான். இந்தத் தோளை உப்பளத்திலிருந்து வெளியே எடுக்க ஒரு கதவு திறந்திருக்கிறது. அதையும் ஒரு சத்தம் வந்து சாத்தப் பார்க்கிறது.

"உம்மா, முத்தம் கூட்டுறீங்களா?" என்று அறைக்குள் இருந்தே கத்தினான்.

"பொழுது பட்ட மஃரிப் நேரத்துல ஆரு மகன் முத்தம் கூட்டுற?" என்றாள் பஸீனா, குசினியிலிருந்து. "பொம்மைக்கு ஏசுறதுக்கு இவ்வளவு தொண்டத் தண்ணியா? அந்த ஏச்ச உங்கட சூப்பர்வைசருக்கு ஏசினா ஊருக்காவது புண்ணியம்."

அது வாப்பாவின் அறை. வாப்பா லத்தீப் மௌத்தாகி அடக்கம் முடிந்து, கட்டிலைக் கழற்றி வெளியே எடுத்த பிறகு, மிஹ்லார் மெத்தையை மட்டும் வைத்துக்கொண்டான். அதை யன்னலுக்கு நிமிர்த்திச் சாத்தினால் ரோட்டுச் சத்தம் உள்ளே வராது. அலுமாரிக் கதவுகளைத் திறந்து சாரங்களைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். கதவிடுக்கில் துவாயைச் செருகினான். மின்விசிறியை நிறுத்தினான். வியர்வையும் தைலமும் பழைய மெத்தையின் பஞ்சு மணமும் அறைக்குள் அடைபட்டன. மைக்கைத் திறந்தான்.

தொடரின் பெயர் தமிழில் 'வெள்ளை வயல்'. இந்தப் பருவத்தில் ஓடி முடிந்தது, எல்லாரும் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். யப்பானில் ஒரு கடலோர ஊர். நாகி என்ற பெண் உப்பு வாருகிறாள். செத்துப்போன தாய் ஒரு கோடைக்கு மட்டும் திரும்பி வந்து, பக்கத்தில் நின்று வாருகிறாள். கடைசிப் பகுதியில் வெளிச்சத்துக்குள் போய் மறைகிறாள், பார்த்தவன் எல்லாம் அழுகிறான்.

"வெளிச்சத்தை வரைந்தவன் உப்பளம் பார்த்தவன்" என்று மிஹ்லார் தொடங்கினான். அது உண்மை. அந்தி நேரத்தில் உப்புத் தண்ணீர் இளஞ்சிவப்பாவதை அப்படியே பிடித்திருந்தான். அந்த இடத்தை மிஹ்லாரே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். "கால்களை வரைந்தவன் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் பாதத்தைப் பாருங்கள். பன்னிரண்டு பகுதியும் வெறுங்கால். ஒரு வெடிப்பு இல்லை. உப்பு வாருகிறவள் பாட்டுப் பாடுகிறாள். உப்பு வாரும்போது வாயைத் திறந்து பாருங்கள், தெரியும். செத்துப்போன தாய் வந்து சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள்? செத்த பிறகும் அதே வேலையா என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் இல்லையா?"

மூச்சு வாங்கினான்.

சர்ர்ர்.

ஹெட்போனுக்குள். இப்போது. பதிவில் இல்லை, இந்த நிமிடத்தில், மைக் வாங்கி அவன் காதுக்குக் கொடுக்கிற சத்தத்தில். இழுத்துக் கழற்றினான். அறை அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு லொறி, குசினியில் கரண்டி. திரும்ப மாட்டினான். சர்ர்ர். சர்ர்ர். ஒரு தட்டு. கழற்றினான், இல்லை. மாட்டினான், இருந்தது. முன்பைவிடக் கிட்ட. பலகையின் விளிம்பில் உப்புக் கட்டி உடைவதுகூடக் கேட்டது.

வயரைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினான். மைக்கை யன்னல் பக்கம் திருப்பினான், சத்தம் மெலிந்தது. கதவுப் பக்கம் திருப்பினான், இன்னும் மெலிந்தது. கட்டில் கிடந்த வெறுந்தரைப் பக்கம் திருப்பினான்.

பயம் வரும்முன் கோபம்தான் வந்தது. கதவைத் திறந்து உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, ஹெட்போனை அவளுடைய முக்காட்டுக்கு மேலேயே மாட்டினான். இது என்ன என்று கேட்டான். பஸீனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு வாயிலேயே நின்றது. அவளும் கல்யாணத்துக்குப் பிறகு நெடுங்காலம் பாத்தியில் நின்றவள்தான். ஒவ்வொருவர் இழுப்பதற்கும் ஒரு போக்கு உண்டு, முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்வார்கள்.

"ரெண்டு இழுவ, ஒரு தட்டு" என்றாள் மெதுவாக. ஹெட்போனைக் கழற்றி, சூடான சட்டியை வைப்பதுபோல மேசையில் வைத்தாள். "பவுலினா."

மிஹ்லாருக்கு அந்தப் பெயர் தெரியாது. உம்மா துண்டுதுண்டாகச் சொன்னாள். மாதா கோயிலடியில் இருந்தவள், வாப்பாவோடு ஒரே பாத்தியில் வேலை செய்தவள். உப்பு விளைந்துவிட்டால் முதலாளி பெருநாளுக்கும் லீவு தரமாட்டான், யேசு பிறந்த நத்தாருக்கும் தரமாட்டான். ஆள் குறைந்தால் வேலை போகும். அதனால் முஸ்லிம் ஆட்களும் வேதக்கார ஆட்களும் தங்களுக்குள் நாள் மாற்றிக்கொள்வார்கள். பெருநாளன்று அவள் இவருடைய நாளை எடுப்பாள், நத்தாரன்று இவர் அவளுடைய நாளை எடுப்பார். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்படித்தான் அந்தக் களப்போரம் முழுக்க நடந்தது.

"நீ பொறந்து வந்த மொத ஹஜ்ஜுப் பெருநாள்" என்றாள் பஸீனா. "வாப்பா உன்னத் தூக்கி வச்சிக்கிட்டு வீட்டுல ஈந்தாரு. அவ அங்க வெயில்ல விழுந்துட்டா. பாத்திக்குள்ள, குப்புற. தனியா நிண்டதால ஒருத்தரும் காணல்ல. அந்திக்கு உசிரில்லாமத்தான் எடுத்த. வாய் நிறைய உப்பு."

வாப்பா அவளுடைய கணவன் வின்சன்டிடம் போய், இந்த நாளை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டாராம். ஆருக்குக் குடுப்பீங்க, விடுங்க லத்தீப் நானா என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதன் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் வாப்பா சம்பளம் வாங்காமல் அவளுடைய பாத்தியில் இழுத்துவிட்டு வந்தார். தீரவில்லை, தீரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் நாக்குக் குழறிக் கிடந்தபோதும் அதைத்தான் சொன்னார்.

பிறகு பஸீனா மகனை ஏறிட்டுப் பார்த்தாள். "வாப்பாட மையத்தத் தூக்கக்குள்ள நீ எழும்பி நிண்டு என்ன சொன்ன?"

எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னான். எந்த ஜனாஸாவிலும் மூத்த மகன் எழுந்து நின்று சொல்வது. எங்கட வாப்பா ஆருக்காவது ஏதாவது கடன்பட்டிருந்தா எனக்கிட்ட வாங்க, நான் பொறுப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கத்தில், சத்தமாக. பள்ளி முற்றத்துக்குக் கேட்கும்படி. அதற்கு அப்பாலும் கேட்கும் என்று அவன் நினைக்கவில்லை.

பஸீனா ஓதிப் பார்க்க லெப்பையைக் கூட்டிவருவதாகச் சொல்லிச் செருப்பைத் தேடினாள். அந்த அறைக்குள் போகாதே என்று வாசலில் நின்று சொன்னாள். படலை சாத்திய சத்தம் கேட்டது.

அவன் அறைக்குள் போயிருக்க வேண்டாம். ஆனால் இன்றிரவுக்குள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நாளைக்கு விடிந்தால் மறுபடி அந்தப் பாத்தி, அந்தப் பலகை, வாப்பாவைத் தேய்த்துத் தீர்த்ததுபோல இவனையும் தேய்த்துத் தீர்க்கிற அந்த வெள்ளை வெளி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். ஹெட்போனுக்குள் தலையை நுழைத்தான். வெறுந்தரையைப் பார்த்து, மைக்குக்குள் பேசினான்.

"வருஷா வருஷம் வந்து இழுத்தாரே. இன்னும் என்ன வேணும்? பெருநாளுக்கு லீவு தராதவன்ட வீடு சிலாபத்துல ஈக்கு. மாடி வீடு. அங்க போங்க. என்னத்துக்கு எங்கள்ட வாறீங்க?"

பலகை நின்றது.

உப்புத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். பிறகு மூச்சு. நாள் முழுக்க வெயிலில் நின்று, நிழலுக்கு வந்தவளின் மூச்சு. மிகப் பக்கத்தில். அவனுடைய மூச்சும் அதுவும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின.

"முதலாளி எனக்கிட்ட ஒண்டும் வாங்கல்ல தம்பி" என்றது. கோபம் இல்லாத குரல். தொண்டை காய்ந்த, வேலைக்காரக் குரல். "உங்கட வாப்பா வாங்கினாரு."

"நாளைக்கு நான் இழுக்கிறேன். உங்கட பேர்ல. விடிஞ்சதிலேருந்து பொழுது படும் வரைக்கும்."

"உப்பு இழுக்க ஆள் இருக்கு." கொஞ்சம் இருமியது. வாயிலிருந்து ஏதோ மணல்போல உதிர்ந்து மைக்கில் பட்டது. "நான் அவர்ட நாள எடுத்தேன். என்ட நாள அவர் எடுக்கல்ல."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கத் தொடங்கியது. குதிகாலிலிருந்து, மெதுவாக, தண்ணீர் ஏறுவதுபோல. அவளுடைய நாள். இப்போது அவளுக்கு இருக்கிற நாள். பெருநாளும் இல்லாத, நத்தாரும் இல்லாத, எழும்பாத நாட்கள். அவற்றில் ஒன்றை அவன் எடுக்க வேண்டும்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

சர்ர்ர்.

அது நிற்கவில்லை. ஹெட்போன் தரையில் கிடந்தது. சத்தம் அறையில் இருந்தது.

கதவுக்குப் பாய்ந்தான். கைப்பிடி திரும்பவில்லை. விரல்கள் வழுக்கின. நனைந்திருந்தது. நக்கிப் பார்க்கத் தேவையில்லை, மணமே சொன்னது. கதவிடுக்கில் செருகிய துவாய் விறைத்து, வெள்ளையாகி, கல்லாகி இருந்தது. உம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு முழுக்கக் கரித்தது. மூடிக்கொண்டான்.

திரும்பினான்.

வாப்பாவின் கட்டில் கிடந்த இடத்தில் சீமெந்து இல்லை. வெள்ளை. அந்தி வெளிச்சம் எங்கிருந்தோ அதன்மேல் விழுந்து, மெல்லிய தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கிடந்தது. ஒரு பெண் முதுகு காட்டி நின்றாள். பலகையைச் சுவரில் சாய்த்தாள், வேலை முடிந்தவர்கள் சாய்ப்பதுபோல. தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். அவளுடைய குதிகால்கள் தெரிந்தன. வெடித்து, பிளந்து, பிளவுகளுக்குள் உப்பு விளைந்திருந்தது. அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைக் கடந்து வந்து அவனுடைய கதிரையில் இருந்தாள். காலை நீட்டினாள். இருபத்துச் சொச்சம் வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக உட்காருகிறவள்போல, நீளமாக மூச்சு விட்டாள்.

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் எழும்பி வந்த இடம் உப்பில் பள்ளமாகக் கிடந்தது. நெற்றி பதிந்த குழி. மூக்கு. இரண்டு உள்ளங்கைகள். முழங்கால்கள். குப்புறக் கிடந்த ஓர் ஆளின் அச்சு. அதற்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அதன் விளிம்பு அசைந்தது. கொஞ்சம் அகன்றது. தோள் இருந்த இடம் அவனுடைய தோளின் அளவுக்கு வந்து நின்றது.

லத்தீபின் மகன் மிஹ்லார் பவுலினாவுக்கு ஒரு நாள் கடன். இன்னும் கொடுக்கவில்லை.