கேட்டு வாங்கிய கொசுறு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மழை பிடித்துக்கொண்டபோது சக்கரபாணிக்கு உள்ளூர மகிழ்ச்சி. நனைகிற சரக்குக்கு விலை இறங்கும்.

காந்தி வீதி நெடுக வியாபாரிகள் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ வழிதவறி வந்தவர் மாதிரி நடந்தார். பெரிய மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்த குடும்பம். விலை கேட்கும்போது முகத்தில் ஆசையைக் காட்டக் கூடாது என்பது அவருக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும்.

ஆனால் பாத்திரத்தில் அவருக்கு நாட்டமில்லை. கம்ப்யூட்டர் பைத்தியம். உழவர்கரை வீட்டின் முன்னறையில் பழைய பாகங்களைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக விடுமுறை ஓடும். மிச்ச நேரத்தில் தன் சொந்த இணையதளத்தில் படம் ஏற்றுவார். தளத்தின் பெயர் 'புதுச்சேரிக் கதவுகள்'. ஊரில் உள்ள பழைய கதவுகளைத் தெருவில் நின்று படம் பிடித்து, 'புதியவை' என்ற பக்கத்தில் போடுவார். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள் என்பது மகள் இனியாவின் கணக்கு. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும், கல்லூரிக்குப் போகிற இனியாவும்தான்.

கன்னியம்மாள் என்ற பெண்ணின் கடையில் அவர் தேடிய மதர்போர்டு கிடைத்தது. கால் மணி நேரம் இழுத்தார்.

"இதுக்குமேல கொறைச்சா நான் உங்க வீட்டுக்கே வேலைக்கு வந்துடணும்ண்ணே" என்றாள் அவள்.

"தாராளமா வாம்மா. என் பொண்ணுக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாது."

சிரித்துக்கொண்டே பொருளைப் பையில் போட்டாள். அவர் நகரவில்லை.

"கொசுறு?"

"இது இன்னா கறிவேப்பிலையா, கொசுறு கேக்கறீங்க?"

கொசுறு இல்லாமல் எழுந்து போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கண்ணை ஓட்டினார். அவள் முழங்காலுக்குப் பின்னால், துணி போர்த்திய ஒரு பிஸ்கட் டப்பா. துணி விலகிய இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று தெரிந்தது.

"அதக் குடு."

அவள் சிரிப்பு நின்றது. "அது விக்கறதுக்கு இல்லண்ணே."

"நான் வெலைக்கா கேட்டேன்? சும்மாதானே கேக்கறேன்."

தார்ப்பாயில் தேங்கியிருந்த தண்ணீர் அவர்கள் நடுவே கொட்டியது. அவள் அவரையே பார்த்தாள்.

"கேட்டுட்டீங்க" என்றாள், மெதுவாக.

டப்பாவோடு எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். தலைச்சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு. அவர் தெருமுனை திரும்பும்போது, நல்ல வியாபார நேரத்தில், அவள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் புது மதர்போர்டு உட்கார்ந்துவிட்டது. டிஸ்கையும் மாட்டினார். அது சுழலவில்லை; சற்று நேரம் கழித்து, தாழ்ப்பாள் விழுவது போல ஒரு சத்தம்.

டக்.

"ப்பா, பக்கத்துல யாராச்சும் சுண்ணாம்பு அடிக்கறாங்களா?" என்றாள் இனியா, மூக்கைச் சுளித்து.

அவருக்கும் வந்தது அந்த வாசனை. ஈரச் சுண்ணாம்பு. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அது.

மறுநாள் தளத்தைத் திறந்தால், 'புதியவை' பக்கத்தின் உச்சியில் அவர் ஏற்றாத படம் ஒன்று. பச்சை வண்ணம் உரிந்த உயரமான கதவு. நல்ல கதவுதான். ஆனால் அவர் படங்கள் எல்லாம் தெருவிலிருந்து எடுத்தவை. இது வீட்டுக்குள்ளிருந்து எடுத்தது. இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சம் கோடாக விழுந்தது.

"நீ ஏத்துனியா?"

"எனக்கு வேற வேலையில்ல? உன் சைட்டு பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது."

படத்தை அழித்தார். பாஸ்வேர்டை மாற்றினார். அடுத்த நாள் வேறொரு படம்: உள்ளிருந்து பார்த்த இரும்பு கேட். அதில் மஞ்சள் பால்பை ஒன்று தொங்கியது.

அந்தப் பையை மாட்டியது அவர்தான்.

அதற்கடுத்த படம் கூடத்துக் கதவு. கதவோரம் இனியாவின் செருப்பு, ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். ஒன்று கவிழ்ந்துதான் கிடந்தது. அவர் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது.

டிஸ்கைக் கழற்றி டப்பாவில் போட்டு, ஸ்கூட்டரில் அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் போய் ஆற்றில் எறிந்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது மனம் லேசாக இருந்தது. சும்மா வந்தது சும்மா போச்சு.

முன்னறை மேசை மேல் பிஸ்கட் டப்பா இருந்தது.

சேறும் பாசியுமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. மூடிய டப்பாவுக்குள்ளிருந்து 'டக்' என்றது. செல்போனில் தளத்தைத் திறந்தார். வீட்டு நடை, நடையின் கோடியில் இனியாவின் அறைக்கதவு. மூடியிருந்தது.

இன்னும் அந்த அறைக்கு வெளியே இருந்துதான் எடுத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு சந்தைக்கு ஓடினார். கன்னியம்மாள் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திருப்பி எடுத்துக்கம்மா. காசு வேணும்னாலும் தர்றேன்."

"எடுத்துக்கிட்டாலும் உங்களாண்டதான்ணே வரும். நானும் பச்சைக் கதவு வெச்ச ஒரு சொல்தா வீட்ல பழைய சாமான் எடுக்கறப்ப வாயால கேட்டு வாங்குனதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் குடும்பம். எல்லாத்தையும் குடுத்தாங்க, இத மட்டும் ஒளிச்சு வெச்சாங்க. இன்னாமோ பெரிய சாமான்னு நெனைச்சு, அதையும் குடுங்கன்னேன்."

"வெச்சிருந்தா இன்னா ஆவும்?"

"கேட்டவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. கூட இருக்கறவங்களுக்குத்தான்." அவள் குரல் இறங்கியது. "எனக்கு செல்போன்ல வந்துச்சு படம். உள்ள உள்ள வந்துகினே இருக்கும். கடைசியா அவங்க படுக்கற ரூமு கதவு, உள்ளேர்ந்து. எங்க வீட்டுக்காரர் ரூம ஒடச்சுத்தாண்ணே தொறந்தோம். உள்தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. உள்ள ஆளே இல்ல."

"எப்படிம்மா தள்ளிவிடறது?"

"நீங்களா நீட்டினா போவாது. ஒருத்தர் வாயத் தொறந்து கேக்கணும்." நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள மாதிரி."

கேட்க வைப்பதா கஷ்டம்? பேரம் பேசத் தெரிந்தவன் ஒருவன் வந்தால் போதும்; கொசுறு கேட்காமலா போய்விடுவான்? பழைய கம்ப்யூட்டர் கேபினெட் விற்பனைக்கு என்று பழைய சாமான் விற்கும் தளமொன்றில் போட்டார். விலையை வேண்டுமென்றே ஏற்றிப் போட்டார், அடித்துப் பேசட்டும் என்று.

தவளக்குப்பத்திலிருந்து நிலவன் என்ற இளைஞன் வந்தான். மேசை மேல் டப்பா திறந்தபடி இருந்தது.

"நல்லாருக்கு சார். ஸ்கேன் பண்ணிப் பணம் போடறேன், க்யூஆர் கோடு எங்க?"

"வெல ஜாஸ்தின்னு தோணலியா தம்பி?"

"சைட்ல போட்ருந்ததுதானே சார்."

"கொறைச்சுக் கேக்கலாமே."

"பரவால்ல சார்."

காசு வந்து சேர்ந்த சத்தம் கேட்டது. சக்கரபாணிக்கு அழுகை வரும் போலிருந்தது. என்ன பிள்ளைகளை வளர்க்கிறார்கள் இந்தக் காலத்தில்!

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான் சார்."

நெஞ்சில் ஏதோ உறுத்தியது. சரக்கு கைமாறட்டும், உறுத்தலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார். "இவ்ளோ வெல குடுத்துட்டு வெறுங்கையோட போறதா? கூட எதுனா கேளு தம்பி. தோ, ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கெடக்கு பாரு. கேட்டா சும்மாவே தருவேன். ஒரு வார்த்தை கேளேன்."

நிலவன் டப்பாவைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "வேணாம் சார்" என்று கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு, படியில் கால் பாவாமல் இறங்கிப் போனான்.

"நல்லா இருக்கு ஞாயம்!"

வாசலில் இனியா. எப்போது வந்தாளோ, தோளில் பை அப்படியே இருந்தது.

"ஊர்ல போறவருக்குச் சும்மா தர்றேன்னு கெஞ்சற. என் லேப்டாப்புல எடமே இல்ல, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அத எனக்குக் குடுப்பா."

டக்.

"வேணாம்மா" என்று அவர் எழுவதற்குள் டிஸ்க் அவள் கையில் இருந்தது. பிடுங்கக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்தினார்.

திருப்பிக் கொடு என்றால், அதுவும் கேட்பதுதான்.

அவளிடம் இருக்கிறவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது. கூட இருக்கிறவருக்குத்தான். கூட இருப்பது யார்? கூட்டிக் கழித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"இன்னாப்பா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? அவ்ளோ ஆசையா இருந்தா நீயே வெச்சுக்க. கேளு, தர்றேன்."

பிறந்ததிலிருந்து கேட்காமல் ஒரு கடையை விட்டு எழுந்து வராத வாய் அது. சக்கரபாணி உதட்டை இறுக மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

பிறகு சொன்னார்: "யாராச்சும் அதக் கேட்டா, ஒடனே குடுத்துடு. நீயா யாருக்கும் நீட்டாத."

"இத யாருப்பா கேக்கப் போறா?" சிரித்துக்கொண்டே டிஸ்கை மேசை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். "நான் தோச ஊத்தறேன். கருகினா கொற சொல்லக் கூடாது."

விளக்கு வைக்கிற நேரம். அவர் தன் அறையில் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கதவை விரியத் திறந்து, மர ஸ்டூல் ஒன்றை அண்டை கொடுத்தார். அடுப்படியில் கல் சீறுவதும், அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டன. கேட்டுக்கொண்டே இருந்தார்.

மடியில் செல்போன் அதிர்ந்தது.

தளத்தின் பெயர் மாறியிருந்தது. 'இனியாவின் கதவுகள்'.

படம் ஒன்றே ஒன்றுதான். வாசலிலிருந்து தொடங்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. வீட்டுக்குள்தான் ஏற்கெனவே வந்தாகிவிட்டதே. அவருடைய அறைக்கதவு, உள்ளிருந்து. மூடித் தாழிட்டிருந்தது. படத்தின் அடியில், முன்னால், வழுக்கை விழுந்த ஒரு பின்னந்தலை.

ஈரச் சுண்ணாம்பு வாசனை கழுத்தில் சில்லென்று பட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே ஸ்டூல் தானாக நகர்ந்தது, தரையில் உரசாமல்.

"ப்பா, இன்னொண்ணு ஊத்தவா? வேணும்னா கேளு!"

அவர் கேட்கவில்லை.

இனியா தட்டோடு வந்தபோது அறை உள்ளே தாழிட்டிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சமில்லை. "ப்பா" என்றாள். தட்டினாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள்.

கடைசியில் பதிலுக்கு யாரோ தட்டினார்கள்.

அறைக்குள்ளிருந்து அல்ல. முன்னறை மேசை மேலிருந்து.

டக்.