வெப்பம் போகும் வழி

கணினி அணைந்த பிறகு அதன் பின்பக்கம் ஜில்லென்று இருந்தது. அதுதான் அவன் மனத்தில் முதலில் இடறியது. திரை முழுக்க விளையாட்டின் பனிமலை விரிந்து நின்ற நேரத்தில், ஒரு முனகல்கூட இல்லாமல் எல்லாம் இருண்டுபோனது. சூடு தாங்காமல் அணைந்திருக்கும் என்று மேசைக்கடியில் குனிந்து, பெட்டிக்கும் சுவருக்கும் இடையே கையை நுழைத்தான். அவ்வளவு நேரம் உழைத்த இயந்திரத்தின் முதுகு தோசைக்கல்லாகச் சுட்டிருக்க வேண்டும். தகடோ இரவெல்லாம் மழையில் கிடந்த இரும்பு போல ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. நனைந்த துணியை அனலருகே பிடித்தால் எழும் வாடை ஒன்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதுவும் இல்லை.

கைப்பேசி அடித்தது. அக்கா.

"செத்துடுச்சா மறுபடியும்?"

"ஆமாக்கா."

"உன்னை மாதிரியேதான்டா அதுவும். கொஞ்சம் வேலை குடுத்தா படுத்துக்குது."

அவன் சிரித்தான். அந்த வாரத்தில் அப்போதுதான் சிரித்தான். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள் அக்கா. அவளுக்கு விடியும்போது இவனுக்குப் பொழுது சாயும். ஞாயிறுதோறும் இருவரும் ஒரே விளையாட்டுக்குள் நுழைந்து, ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தப் பனிமலையில் ஏறுவார்கள். போனில் இரண்டு பேருக்கும் பேச வராது; சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அத்தோடு சரி. கயிற்றைக் கட்டிக்கொண்டு நடந்தால்தான் உள்ளே கிடப்பதெல்லாம் தானாக வெளியே வரும். மேல்மாடியின் ஒற்றை அறையில் இருந்தபடியே வேலை பார்த்து, அங்கேயே தூங்கி எழும் அவனுக்கு, வேறு மனிதக் குரல் எதுவும் வாய்த்திருக்கவில்லை.

அவளுக்கு இது நிறைமாதம்.

"அடுத்த ஞாயிறுதான் கடைசி. குழந்தை வந்துட்டா அப்புறம் எப்போன்னு தெரியாது. அதுக்குள்ள உச்சியைப் பாத்துடணும். ஒழுங்கா சரி பண்ணி வை, தடியா."

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினான். ராம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றித் துடைத்து இடம் மாற்றிச் செருகினான். விசிறிகளில் படிந்த தூசியை ஊதி எடுத்தான். பாட்டுப் போட்டால், படம் பார்த்தால், அலுவலக வேலை செய்தால் கணினி சமர்த்துப் பிள்ளையாக இருந்தது. கனமான விளையாட்டைத் திறந்தால் மட்டும் கொஞ்ச நேரத்தில் அணைந்தது. சுவரை விட்டு இழுத்து அறையின் நடுவில் வைத்தான். அணைந்தது. அதன் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பினான். அணைந்தது. விளையாட்டு ஓடும்போது பின்னால் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தான். விசிறி சுழலும் ஓசை தெளிவாகக் கேட்டது, வெளியே வரவேண்டிய அனற்காற்று வரவில்லை. விளையாட்டை மூடினான். காற்று வந்தது.

கடைசியில் கடைக்கே தூக்கிக்கொண்டு போனான். கணினிப் பழுது பார்ப்பவரை அந்தத் தெருவில் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இதுக்கு ஒரு வியாதியும் இல்ல சார்," என்றார் மறுநாள். "காலையிலேர்ந்து விரட்டுறேன், மாடா உழைக்குது. உங்க வீட்டுக்கு வந்தாத்தான் அடம் பிடிக்குது. கொடுமைப்படுத்துறீங்களா என்ன?"

வீட்டில் ஓடியபோது பதிவான வெப்பத்தின் கோட்டைத் திரையில் காட்டினார். நிதானமாக ஏறிவந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக எழுந்து நின்றது.

"பாத்தீங்களா? சும்மா சூடானா இப்படி ஏறாது. சூடு வெளிய போற வழியை யாரோ ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்ட மாதிரி. பூனை கீனை வளக்குறீங்களா? குளிருக்கு அதுங்கதான் போய் ஒட்டிக்கும்."

"இல்ல. நான் மட்டும்தான்."

டாக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். "சரி விடுங்க. சூடு ஏறினாத்தானே அணையும்? சூடே வராம பண்ணிடுறேன். கிராஃபிக்ஸ் கார்டு இழுக்குற கரண்டைக் குறைச்சுட்டா போதும். படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மீன் மாதிரி ஜில்லுன்னு கிடக்கும்."

ஞாயிறு மாலை மழை பிடித்துக்கொண்டது. கம்பளிச் சட்டையை மாட்டி, ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் வைத்து, அக்காவின் கயிற்றோடு தன் கயிற்றை இணைத்தான். கணினி மூச்சு விடுவதே கேட்கவில்லை. திரையின் மூலையில் வெப்பத்தைக் காட்டும் எண் ஏறாமல் கிடந்தது. வழக்கமாக எல்லாம் இருண்டுபோகும் பாறையையும் தாண்டினார்கள்.

"டேய், தாண்டிட்டோம்டா! பரவாயில்லையே, மூளை இருக்கு உனக்கு."

அவள் கணவர், மாமா, வரப்போகும் குழந்தைக்கான தொட்டிலைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு முழித்ததைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கே ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்க. ஏதோ சரியில்லையாம். எனக்கு ரொம்ப பயமா இருக்குடா."

அவன் வாயைத் திறக்கும் முன் அந்த வாடை வந்தது. நனைந்த துணி.

மேசைக்கடியில் ஏதோ நகர்ந்தது. ஈரப் போர்வையைத் தரையோடு இழுப்பது போல, மெதுவாக, கனமாக. கணினியின் பின்னால் போய் நின்றது. நெடுநேரம் நின்றது. தகட்டின் மேல் தோல் உரசும் ஓசை. பின்பக்கம். மேற்பக்கம். பக்கவாட்டில். மறுபடியும் பின்பக்கம். பார்வையில்லாதவர் கதவைத் தேடுவது போல.

அங்கே சூடு இல்லை.

இத்தனை நாளும் அது எதற்காக வந்தது என்று அவனுக்கு விளங்கியது. இந்த அறையில் இப்போது சூடாக இருப்பது எது என்பதும்.

கணுக்காலில் குளிர். முழங்காலுக்குப் பின்னால். பிறகு காலில் இல்லை. நாற்காலியின் பின்புறம் லேசாக முனகியது.

ஒன்று செய்யலாம். டாக்டர் குறைத்ததைப் பழையபடி ஏற்றிவிட்டால் கணினி கொதிக்கும். அது அங்கே திரும்பிவிடும். அப்புறம் திரை இருளும். பாதிப் பேச்சில் அக்கா அறுந்துபோவாள். சுட்டியைப் பிடித்த கை, திரையில் அந்த அளவை ஏற்றும் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை.

"டேய். ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குற? இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நீ சொல்லு."

அவள் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். திரையில் இரண்டு சிறு உருவங்கள் கயிறு தளராமல் ஏறின. அவன் திரும்பவில்லை. பின்னாலிருந்து, அவன் இரு விலாக்களையும் ஒட்டி, இரண்டு கைகள் நீண்டு வந்தன. நீரில் ஊறிய வெளுப்பு. மடியின் மேல் அவை மல்லாந்து விரிந்தன. உள்ளங்கைகள் முழுக்க, கணினியின் பின்தகட்டில் உள்ள அறுகோண ஓட்டைகள், வரிசை வரிசையாக, வெந்து பதிந்திருந்தன. பிறகு அவை திரும்பி, கம்பளிச் சட்டைக்குள் நுழைந்து, எங்கே அதிகம் சுடுகிறதென்று அவன் நெஞ்சைத் தடவத் தொடங்கின.