குதிகால் முதல் உச்சி வரை

இன்ச் டேப் மோகனின் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் குனியும்போதெல்லாம் அது பிளைவுட்டில் இடித்து டக்கென்று சத்தம் போட்டது. ஆனாலும் அவன் மனைவி கல்பனாவை அளந்தது வெள்ளை நூலால்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தகர ஷெட்டில், மதிய வெயில் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருக்க, புதுப் பலகையின் மேல் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். மரத்தூளும் பெவிகால் பசையும் வெல்டிங் புகையும் கலந்த வாசனை. நூலின் ஒரு முனையைக் குதிகாலுக்கு அடியில் செருகி, உடம்போடு ஒட்டினாற்போல் மேலே கொண்டுவந்து, உச்சந்தலையில் கட்டை விரலை வைத்து அழுத்தினான். அந்த வெயிலிலும் விரல் சில்லென்று இருந்தது.

"டேப்பு இருக்கச் சொல்ல நூலு எதுக்கு?" என்று கேட்டாள்.

"அசையாத படு."

"இன்னா, எனக்கு ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?"

அவன் சிரிக்கவில்லை. பக்கத்திலேயே கத்தரிக்கோல் கிடந்தும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். விரல்களில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதுவரை எடுத்த அளவுகளையெல்லாம் ஷெட் சுவரில் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தவன், அவளுடைய அளவை மட்டும் எங்கும் எழுதவில்லை. கல்பனா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, சந்தோஷத்தில் மறந்தும் போனாள்.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. அவன் அவளோடு பேச ஆரம்பித்ததே இந்தப் பலகையை ஆரம்பித்த பிறகுதான்.

முன்பெல்லாம் அவன் உயிர் அந்தப் பழைய ஜீப்பில் இருந்தது. பெரிய டயர் மாட்டி, ஞாயிற்றுக்கிழமையானால் மாகறல் பக்கம் செய்யாற்று மணலில் இறக்கி உறுமவிட்டு, இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வருவான். கல்பனாவின் அம்மா கேலி செய்வாள்: பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும், ஜீப்புக்கு வாழ்க்கைப்பட்டால் டீசல் வாசனையைச் சகித்துத்தான் ஆக வேண்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்து ஜீப் வந்தது. எருமை குறுக்கே வந்துவிட்டது என்றான். அதற்குப் பிறகு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான், "இல்ல, இல்ல" என்று.

அமாவாசையன்று அவனே கழிப்பு கழித்தான். குங்குமம் தடவிய பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் ஜீப்பைச் சுற்றி, இருவருமாக முச்சந்தியில் கொண்டுபோய் வைத்தார்கள். திரும்பி வரும்போது அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். "இன்னா சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்காத. பாத்தா கழிச்சது கூடவே வந்துரும்." பின்னால் ஈரக் காலோடு யாரோ நடந்து வருவதுபோல் இருந்தது. நாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தாலும் அவளுக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அவன் அவளைத் தொட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகுதான் இந்த யோசனை. ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு படுக்கை மேடை. சதுரக் குழாயை வெல்டிங் செய்து சட்டம், மேலே பிளைவுட், கீழே சாமான் வைக்க இரண்டு இழுப்பறை: அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் குட்டையாக ஒன்று, நீளமாக இன்னொன்று. மொத்த மேடையும் உருளைகளில் பின்னோக்கி நகர்ந்து வெளியே வரும். மடக்குக் கால்களைத் தரையில் ஊன்றி, திருகுகளைக் கையாலேயே கழற்றி, வண்டியை முன்னால் நகர்த்தினால், மேடை கட்டில்போல் தனியாக நிற்கும்.

"ஒரே ஆளு கயட்டிடலாம்," என்றான் அவன். "ஏலகிரி போலாம் கல்பனா. லாட்ஜு வேணாம். அங்கயே சமைச்சி, அங்கயே படுத்துக்கலாம். நீயும் நானும்."

நீயும் நானும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயில் அந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து வந்ததில்லை. ஓடிப்போய்க் காட்டன் துணி வாங்கி, இரண்டு தலையணை உறை தைத்தாள்.

ரங்கன் வந்தது நூலால் அளந்த மறுநாள்.

ஊருக்கு வெளியே ஏரியோரக் குடிசைகளில் இருப்பவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் இவர்கள் நிலத்துக்கு வருவார், கூடவே அவர் மனைவி அம்சாவும். இன்று தனியாக, கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

"இன்னா ரங்கண்ணா?"

"அம்சா இந்தப் பக்கம் வந்தாளாம்மா?"

"வரலியே. எங்க போச்சி?"

"மாகறலாண்ட வேர்க்கல்ல புடுங்கப் போனா. ஆத்தோரமா குறுக்கு வயில வருவா எப்பவும். வரவே இல்ல, மாசம் ஒண்ணு ஆவப்போவுது. ஸ்டேஷன்ல சொல்லிக்கீறேன், தேடறோம்னாங்க. நானும் வூடு வூடா கேட்டுக்கினு கீறேன்." கையை உயர்த்திக் காட்டினார். "உன் ஒசரந்தாம்மா இருப்பா. பச்சப் பொடவ. செவப்பு வளையலு."

ஷெட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த டிரில்லிங் மெஷின் எப்போது நின்றதென்று தெரியவில்லை. ரங்கன் ஷெட் வாசலைப் பார்த்தார். குனிந்து, அங்கிருந்து கேட் வரை சிந்திக் கிடந்த மணலைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார்.

"ஆத்து மண்ணு," என்றார். "ஈரமா கீது."

தினமும் காலையில் அவள்தான் அந்த மணலைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஜீப் வெளியே போவதே நின்ற பிறகும் அது வந்தது. டயரில் ஒட்டியிருந்தது உதிர்கிறது என்றுதான் இதுவரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ரங்கனிடமும் அதையே சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பிய பிறகு டிரில்லிங் மெஷின் மறுபடி ஓடியது. கல்பனா எட்டிப் பார்த்தபோது, மோகன் அதைக் காற்றில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ஷெட்டில் இழுப்பறை நகரும் சத்தம் கேட்டது. சர்ரென்று மெல்ல வெளியே வந்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மெல்ல உள்ளே போனது. மோகன் கடைக்குப் போயிருந்தான். போய்ப் பார்த்தாள். நீள இழுப்பறை அரையடி திறந்திருந்தது. கோரைப்புல் அழுகிய வாசனையும் ஆற்று ஊற்றைத் தோண்டினால் வருமே அந்தக் குளிர்ந்த வாசனையும் அதிலிருந்து வந்தன. உள்ளே இருட்டு. மூடலாமென்று தள்ளினாள். போனது. பிறகு எதிலோ முட்டி நின்றது. அழுத்தித் தள்ளினாள்.

உள்ளேயிருந்து அது திருப்பித் தள்ளியது. பலமாக இல்லை. தூங்குகிறவர் காலை நீட்டுவதுபோல.

இரவு மோகனிடம் சொன்னாள். "உருள புதுசு. அப்பிடித்தான் இருக்கும்," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் நம்பினாள். புருஷன் சொன்னதை நம்புவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதற்குப் பிறகு தூங்கலாம்.

அடுத்த வாரம் மேடை முடிந்தது. ஏலகிரிக்கு முன்னால் ஒரு தடவை ஆற்றில் போட்டுப் பார்த்துவிடலாம், பொழுது சாய்வதற்குள் போகலாம் என்றான். கையில் ஒரு துணிக்கடைப் பை. "இத்த கட்டிக்கினு வா."

பச்சைப் புடவை. பையின் அடியில் காகிதத்தில் சுற்றிய சிவப்புக் கண்ணாடி வளையல்.

ரங்கனின் குரல் காதில் வந்தது. ஊரில் எத்தனை பச்சைப் புடவை, எத்தனை சிவப்பு வளையல் என்று அதை அடக்கினாள். அவனாகவே அவளுக்கு வாங்கி வந்த முதல் புடவை அது. கட்டி, வளையலும் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தாள். தைத்து வைத்த தலையணை உறைகளையும் எடுத்துக்கொண்டாள்.

வண்டியில் ஏறியதும் ஒன்று கண்ணில் பட்டது. டிரைவருக்கு மேலே இருக்கும் கண்ணாடி கூரையைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டும் மடக்கியிருந்தன.

"பின்னாடி வண்டி வந்தா எப்பிடித் தெரியும்?"

"ஒண்ணும் வராது."

நெல் வயல்களும் செங்கல் சூளையும் கடந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் இழுப்பறை நகர்ந்தது. பள்ளம் இல்லாத இடத்திலும் நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கப் போனபோது முழங்காலில் தட்டி, "முன்னாடி பாரு," என்றான்.

ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடுதான். மற்றதெல்லாம் மணல், கோரை, கருவேலம். சூரியன் சிவந்து மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. யாருமில்லை. வண்டியை நிறுத்தும் முன் முன்னும் பின்னுமாக நகர்த்தி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் கொண்டுவந்து சரியாக நிறுத்தினான். அங்கே மணல் லேசாகக் குழிந்திருந்தது.

மேடையை வெளியே இழுத்தான். கால்களை ஊன்றினான். திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

"படுத்துப் பாரு."

படுத்தாள். சுற்றிலும் சின்ன விளிம்புப் பட்டை அடித்திருந்தான். குதிகால் ஒரு பட்டையைத் தொட்டது. உச்சந்தலை மறு பட்டையைத் தொட்டது. பக்கத்தில் இரண்டாவது தலையணையை வைத்தாள். இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது, ஆனால் அவள் உயரம் உள்ள ஆளுக்கு. மோகன் அவளைவிட ஒரு தலை உயரம்.

"நீங்க எப்பிடிப் படுப்பீங்க இதுல?"

அவன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டிருந்தான். என்ஜின் ஓடியது.

"இன்னாங்க."

"எருமை இல்ல அது," என்றான் மோகன். தலை முன்னால் பார்த்தபடியே இருந்தது. "அம்சா. இங்கதான் பொதைச்சேன். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியுமே. தெனம் வந்தா, கல்பனா. என் ஒசரத்துல ஒரு ஆளு குடு, உட்டுடறேன்னா. யாருன்னு சொல்லல அவ. ஒரு ஆளுன்னுதான் கேட்டா."

ஜீப் முன்னால் நகர்ந்தது. மேடை நின்றது.

பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது அவமானம். நூல் பிடித்தபோது அசையாமல் படுத்தது, ஜாக்கெட்டா என்று சிரித்தது, ராத்திரி கண் விழித்துத் தலையணை உறை தைத்தது. இத்தனை நாளும் அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முச்சந்தியில் பூசணிக்காயை வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போகிறான்.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

முடியவில்லை. பின்னல் எதிலோ மாட்டியிருந்தது. விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கிய பின்னல். கையை விட்டுத் துழாவினாள். நீள இழுப்பறை திறந்திருந்தது. உள்ளே மணல். ஈர மணல். அதன் மேல் ஒரு நூல். எடுத்தாள். அவளை அளந்த அதே நூல், இப்போது மஞ்சள் தடவியிருந்தது, ஒரு முனையில் பல் கடித்த பிசிறு. அதன் இன்னொரு முனை மணலுக்குள் போனது. இழுத்தாள்.

மணலும் இழுத்தது.

"மோகன்!" கல்யாணமானதிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. "மோகன், திரும்பிப் பாரு. ஒரே ஒரு வாட்டி."

ஜீப் கரையேறிக்கொண்டிருந்தது. பின் விளக்குகள் சிவப்பாகத் தெரிந்தன. அவன் தலை நேராகவே இருந்தது. கழித்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. விளக்கு கருவேலத்துக்குள் மறைந்தது. சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

வெளிச்சம் குறைந்தது.

கோரை வாசனை.

அடியில் உருளை சர்ரென்றது. இழுப்பறை முழுவதுமாக வெளியே வந்தது. மணல் கொட்டும் சத்தம். ரொம்ப நேரம். யாரோ எழுந்து உதறிக்கொள்வதுபோல.

பலகை ஒரு பக்கம் தாழ்ந்தது. பக்கத்துத் தலையணை அமுங்கியது. அவள் தைத்த உறையில் ஈரம் பரவி அவள் காதைத் தொட்டது. கண்ணாடி வளையல் ஒலித்தது. தன் கையைப் பார்த்தாள். அசையவே இல்லை.

குதிகாலில் ஒரு கட்டை விரல் வந்து பதிந்தது. சில்லென்று. விரல்கள் விரிந்தன. ஒரு சாண். மறுபடி விரிந்தன. முழங்கால். இடுப்பு. அவசரமில்லாமல், மணல் உதிர உதிர, புடவைக்கு மேலாக, சாண் சாணாக வந்தது. மார்பு. தொண்டை. நெற்றி.

உச்சந்தலையில் வந்து நின்று, அழுத்தியது.

அளவு சரியாக இருந்தது.