உலர் ஏரியில் மூன்று தடங்கள்

நேற்று கொடிக்கம்பத்துக்கு அப்பால் முடிந்திருந்த சக்கரத் தடம், இன்று காலை கம்பத்தைத் தாண்டி இருநூறு அடி இப்பால் வந்திருந்தது.

வெண்டல் டிரக்கை நிறுத்தினான். சோதனை விமானங்கள் இறங்கும் உலர் ஏரி அது; தரையைச் சோதிப்பது அவன் வேலை. குளிர்கால மழையில் ஏரியில் விரற்கடைத் தண்ணீர் நிற்கும்; மொஹாவிப் பாலைவனக் காற்று அதை இக்கரைக்கும் அக்கரைக்கும் தள்ளித் தள்ளி, விமானங்கள் கீறிய தரையை வழித்துப் பளிங்காக்கிக் காயவைக்கும். இந்த வருடம் இன்னும் ஒரு விமானமும் இறங்கவில்லை. ஆனாலும் ஈரக் களிமண் வாசனையோடு மூன்று தடங்கள். நடுத் தடம் மட்டும் புதைந்து, கோணலாக.

அந்தக் கோணல் அவனுக்குத் தெரியும். போன அக்டோபரில் விமானி ஹாஸ்கெல் செத்தது, முன்சக்கரம் அப்படிப் புதைந்துதான். தரையின் கெட்டியைச் சோதிக்கும் இரும்புக் குண்டைப் போட்டுப் பார்க்காமலே, தரை கெட்டி என்று கையெழுத்துப் போட்டவன் வெண்டல். குளிராக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

"என்னப்பா, தரை எப்பிடி?" ரேடியோவில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து கஸ். "மேல விமானத்துல லெஸ்டர் அவசரப்படுறான். பொண்டாட்டி ஆப்பிள் பை சுட்டு வச்சிருக்காளாம்."

"இன்னிக்கு வேண்டாம் கஸ். நிறுத்து."

"ஏன், மெத்துனு இருக்கா?"

ஆறடி உயரத்திலிருந்து குண்டை விட்டான். டக். காசளவுக் குழி.

"குண்டு கெட்டின்னுதான் சொல்லுது. ஆனா... ஹாஸ்கெலோட தடம் வருது."

"காபியில என்னத்த ஊத்திக்கிட்ட? தூக்கிட்டுப் போன தாய் விமானம் லெஸ்டரைக் கழட்டி விட்டிருச்சுப்பா. நேத்து நீ கையெழுத்துப் போட்ட தரைதானே! அவன் ராக்கெட்டுக்கு எரிபொருள் மூணு நிமிஷம்தான். அப்புறம் எஞ்சின் இல்லாம சறுக்கிக்கிட்டு இங்கதான் வரணும். வேற எங்க போவான்?"

குண்டை எடுத்துத் தடத்தின் அருகே மறுபடி விட்டான்.

சத்தம் வரவில்லை.

குண்டும் இல்லை. மண் மூடிக்கொண்டது. பளிங்கு.

பின்னால் ஏதோ உராய்ந்தது. திரும்பினான். விமானம் இல்லை. சக்கரம் இல்லை. தடம் மட்டும் நகர்ந்தது. அவன் பூட்ஸைத் தாண்டியது. தரையில் எண்ணெயால் போட்ட கறுப்புக் கோட்டை, லெஸ்டர் இறங்க வேண்டிய கோட்டை, பிடித்துக்கொண்டு நீண்டது.

ரேடியோவில் லெஸ்டர். "வெண்டல் அண்ணே, வந்துட்டேன். தரை கெட்டியா?"

இல்லை என்று கத்த வாய் திறந்தான். ரேடியோப் பொத்தானை அழுத்தினான்; அது அழுந்தவில்லை.

ரேடியோ பதில் சொன்னது. அவன் குரலிலேயே.

"கெட்டி. இறங்கு."

"நன்றிண்ணே."

லெஸ்டரின் வெள்ளை விமானம் சத்தமில்லாமல் தாழ்ந்தது. அதன் மூன்று சக்கரங்களும், மூன்று தடங்களில் கச்சிதமாகப் பொருந்தின.